எட்டப்பனுக்கு ஆள் கிடைக்கவில்லை



தமிழ்மொழித் தினப் போட்டிக்கு நாடகம் பழக்கும் பொறுப்பு எங்கள் இந்துக் கல்லூரியில் ஆண்டுதோறும் தமிழாசிரியனாகிய என்னிடமே வந்து சேரும். சில ஆண்டுகளுக்கு முன்னர், என்ன நாடகம் போடலாம் என்று பிள்ளைகளிடம் கேட்டேன். ஒரே குரலில் "கட்டபொம்மன்" என்றார்கள். கட்டபொம்மன் வேடத்துக்கு ஏழு பேர் கை உயர்த்தினார்கள். ஜாக்சன் துரைக்கு நால்வர். வெள்ளையத்தேவனாக நடிக்க இரண்டு பேர் சண்டையே பிடித்தார்கள். எட்டப்பனுக்கு மாத்திரம் ஆள் கிடைக்கவில்லை.

நல்ல குரல்வளமுள்ள பையன் ஒருவனை நானே தெரிந்தெடுத்தேன். மறுநாள் காலை அவன் ஆசிரியர் அறைக்கு வெளியே தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"சேர், எனக்கு வேற ஏதாச்சும் வேஷம் குடுங்க. ஈட்டி புடிச்சுக்கிட்டுச் சும்மா நிக்கிறேன். எட்டப்பன் மட்டும் வேணாம். வீட்டில ஏசுறாங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் வருகிற றப்பர்த் தோட்டத்தின் கதை எனக்குத் தெரியும். அதற்கும் சில ஆண்டுகளுக்கு முன், சம்பள உயர்வு கேட்டு அங்கே ஒரு வேலைநிறுத்தம் நடந்தது. ஏழாம் நாள் ஒரு தொழிலாளி பால் வெட்டப் போனார். மனைவி ஆஸ்பத்திரியில். கடைக்காரர் கடன் கொடுப்பதை நிறுத்திவிட்டார். கந்தோரில் முற்பணம் வாங்குவதற்கு அவருக்கு வேறு வழியில்லை. அன்று பெரட்டுக்களத்தில் அவரைப் பார்த்து யாரோ ஒருவர் "எட்டப்பன்" என்று கத்தினார். அந்த ஒரு சொல் லயத்துக்கு லயம் தாவி, எங்கள் வகுப்பறைக்கும் வந்துவிட்டது. அவருடைய மகன் என்னிடம் படித்தவன். இலக்கணத்தில் கெட்டிக்காரன். "எட்டப்பன் மகன்" என்ற பெயரை ஒரு தவணை முழுவதும் கேட்டுவிட்டு, ஒன்பதாம் வகுப்போடு கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய்விட்டான். வேலைநிறுத்தம் முடிந்தது. மனைவியும் சுகமாகி வீட்டுக்கு வந்தார். அந்தச் சொல் மாத்திரம் இன்னும் அந்த லயத்திலேயே இருக்கிறது.

எனவே, 'எட்டப்பன் என்பவர் யார்?' என்ற கேள்வி எனக்கு வெறும் சரித்திரக் கேள்வியாக இருக்கவில்லை.

எங்கள் தோட்டங்களுக்குக் கட்டபொம்மன் புத்தகத்தின் வழியாக வந்தவர் அல்லர். 1959ஆம் ஆண்டு மே மாதம் பி. ஆர். பந்துலுவின் இயக்கத்தில் வெளிவந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' திரைப்படத்தின் வழியாகவே வந்தார். சக்தி கிருஷ்ணசாமி வசனம் எழுத, சிவாஜி கணேசன் நடித்தார். அடுத்த ஆண்டு கெய்ரோவில் நடந்த ஆசிய-ஆபிரிக்கத் திரைப்பட விழாவில் அவருக்குச் சிறந்த நடிகர் விருதைப் பெற்றுத் தந்த படம் அது. என் தலைமுறை அதனைப் பார்த்ததைவிடக் கேட்டதுதான் அதிகம். மாரியம்மன் திருவிழா என்றால் கோயில் மரத்தில் ஒலிபெருக்கி கட்டுவார்கள். பூசைக்கு முன்னும் பின்னும் கதை வசன ஒலிச்சித்திரம் ஓடும். காமன் கூத்தும், அருச்சுனன் தபசும், பொன்னர் சங்கரும் ஆடிய களத்திலேயே, நாலெழுத்துப் படிக்காத பெரியவர்களும் ஜாக்சன் துரைக்குக் கட்டபொம்மன் சொல்லும் மறுமொழியைத் தட்டாமல் ஒப்புவிப்பார்கள். பின்னர் 'டெக்' வாடகைக்கு எடுத்து இஸ்தோப்பில் வைத்துப் படம் காட்டிய காலத்தில்தான் நான் எட்டப்பனின் முகத்தைப் பார்த்தேன். வி. கே. ராமசாமி நடித்திருந்தார். குழைவும் குள்ளநரித்தனமும் கலந்த அந்த முகத்தைப் பார்த்த எந்தப் பிள்ளைதான் அவ்வேடத்தை விரும்பும்?

துரைக்கு முன்னால் நிமிர்ந்து நின்று பேசும் ஒரு தமிழ்க் குரல், துரைக்கு முன்னால் தலைப்பாகையைக் கழற்றி நின்ற பரம்பரைக்கு என்ன கொடுத்திருக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. அந்தப் படத்தை நான் இன்றும் விரும்புகிறேன். அதனாலேயே அது சொல்லாமல் விட்டதையும் தேடிப் படித்தேன்.

ஏடுகளில் இருக்கும் கட்டபொம்மன் படத்தில் இருப்பவரிலும் பார்க்கச் சிக்கலான மனிதர். 1798ஆம் ஆண்டு கலெக்டர் ஜாக்சனைக் காண்பதற்காக அவர் 23 நாள்கள் ஊர் ஊராக அலைய வைக்கப்பட்டார். குற்றாலம், சொக்கம்பட்டி, சிறீவில்லிபுத்தூர் என்று துரை போன இடமெல்லாம் பாளையக்காரரும் பின்னால் போனார். கடைசியில் செப்டெம்பர் 10ஆந் திகதி இராமநாதபுரத்தில் சந்திப்பு நடந்தது. வரி நிலுவையில் பெரும்பகுதி அதற்குள் கட்டப்பட்டு, மீதியாக நின்றது 1080 பகோடாக்கள். அவரை மணிக்கணக்காக நிறுத்திவைத்தே விசாரித்தார்கள். கோட்டையைவிட்டுப் போகக்கூடாது என்ற உத்தரவு வந்ததும், தம்மைச் சிறைப்பிடிக்கப் போகிறார்கள் என்று எண்ணி அவர் வெளியேற முயன்றார். வாயிலில் கைகலப்பு மூண்டு லெப்டினன்ட் கிளார்க் கொல்லப்பட்டார். கட்டபொம்மனின் அமைச்சராகிய தானாபதி சுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார்.

அதற்குப் பின் அவர் செய்ததுதான் என்னை வியக்க வைத்தது. படம் பார்த்த நாம் எதிர்பார்ப்பது போலப் போர் முரசு அறையவில்லை. சென்னை ஆட்சிக் குழுவுக்கு மனு எழுதினார்! விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. அதன் முன் அவர் நேரில் தோன்றினார். தவறு ஜாக்சன்மீதே என்று குழு முடிவு செய்தது. ஜாக்சன் பதவி இழந்தார், பிள்ளை விடுதலையானார். ஒரு வெள்ளைக்காரக் கலெக்டரை எழுத்தாலும் சாட்சியத்தாலும் பதவியிழக்கச் செய்த பாளையக்காரரை நாம் எந்த மேடையிலும் கண்டதில்லை. அது வீரமில்லையா? என் பார்வையில், ஒலிபெருக்கியில் கேட்கும் வீரத்தைவிட அது அரியது. ஆனால், மனு எழுதுகிற கதாநாயகனுக்குக் கொட்டகையில் யார் கைதட்டுவார்கள்?

போர் அடுத்த ஆண்டில் வந்தது. 1799 செப்டெம்பர் 5ஆந் திகதி மேஜர் பானர்மன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கினார். தப்பிச் சென்ற கட்டபொம்மனைக் கோலார்பட்டியில் மறித்துப் போரிட்டவை எட்டயபுரத்துப் படைகளே. பிள்ளை மீண்டும் அகப்பட்டது அங்கேதான். ஆனால், கட்டபொம்மனைக் காட்டில் பிடித்து ஒப்படைத்தவர் எட்டப்பர் அல்லர், புதுக்கோட்டைத் தொண்டைமான். 1799 அக்டோபர் 16ஆந் திகதி கயத்தாற்றில் தூக்கு. காட்டிக் கொடுத்தவன் என்ற சொல்லுக்கு உரியவர் ஒருவர் இருந்தாரென்றால், அது தொண்டைமான் அல்லவா? இருந்தும் எந்த லயத்திலும் யாரும் யாரையும் 'தொண்டைமான்' என்று ஏசக் கேட்டதில்லை.

எட்டப்பரை நிரபராதி என்று சொல்ல நான் வரவில்லை. அவர் கும்பினியின் பக்கம் நின்றார். போருக்குப் பின் பாஞ்சாலங்குறிச்சி நிலத்தில் பங்கும் பெற்றார். ஆயினும் துரோகம் என்பதற்கு முதலில் நம்பிக்கை ஒன்று இருந்திருக்க வேண்டும். எட்டயபுரமும் பாஞ்சாலங்குறிச்சியும் எல்லைத் தகராறில் ஊறிய பழம் பகைவர்கள். எட்டப்பர் கட்டபொம்மனின் தளபதியும் அல்லர், தோழரும் அல்லர். எதிரி எதிரியாகவே இருந்தார். அக்காலப் பாளையக்காரர்களில் யார் எந்தப் பக்கம் நிற்பது என்பது அண்டை வீட்டுப் பகையைப் பொறுத்து இருந்ததேயொழிய, நாம் இன்று பேசுகிற தேசப்பற்றைப் பொறுத்து இருக்கவில்லை.

பகையைக் கதைப்பாடல்கள் முன்பே பாடியிருக்கலாம். அதை எல்லோர் வாயிலும் ஒரு வசைச் சொல்லாகப் போட்டது வெள்ளித்திரைதான் என்பது என் எண்ணம். அந்தச் சொல்லின் கீழே ஓர் ஊரே புதைந்துபோயிற்று. முத்துசுவாமி தீட்சிதர் தம் இறுதிக் காலத்தைக் கழித்து 1835இல் மறைந்தது எட்டயபுரத்தில். சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' 1904இல் அச்சேறியது எட்டயபுரத்தில். 1882இல் பிறந்த ஒரு சிறுவனுக்கு 'பாரதி' என்ற பட்டம் கிடைத்ததும் அதே எட்டயபுரத்தில். பாரதி விழாவில் மேடையேறி முழங்கிவிட்டு இறங்கி வந்து, பிடிக்காத ஒருவனை 'எட்டப்பன்' என்கிறோம். இரண்டும் ஓர் ஊரின் பெயரோடு ஒட்டியவை என்ற நினைவே நமக்கு வருவதில்லை.

இதற்கு எதிர்த் திசையிலும் ஓர் அவசரம் நடந்தது. தமிழ்வாணன் 'கட்டபொம்மன் கொள்ளைக்காரன்' என்று தலைப்பிட்டே ஒரு நூல் எழுதினார். ம. பொ. சிவஞானம் வீரனாகக் கண்டவரை அவர் கொள்ளைக்காரனாகக் கண்டார். வீரன் இல்லையென்றால் கொள்ளைக்காரன். நடுவில் ஒரு மனிதன் நிற்பதற்கு இடமே இல்லை. இதையும் சினிமாப் புத்தி என்றே நான் சொல்வேன், அது புத்தக வடிவில் வந்திருந்தாலும்.

நேயர்களே, இதுவரை சொன்னது கடல் கடந்த கதை. இனி நான் சொல்லப்போவது நாம் குடியிருக்கும் சப்ரகமுவ மண்ணின் கதை.

கட்டபொம்மன் ஜாக்சனைத் தேடி அலைந்த அதே 1798ஆம் ஆண்டில், கண்டியில் பதினெட்டு வயது இளைஞன் ஒருவன் அரியணை ஏற்றப்பட்டான். பெயர் கண்ணுச்சாமி, மதுரை நாயக்கர் வழிவந்தவன். சிறீ விக்கிரம இராஜசிங்கன் என்ற பட்டப்பெயரோடு அவனை ஏற்றி வைத்தவர் மகா அதிகாராகிய பிலிமத்தலாவை. கட்டபொம்மனும் தெலுங்கு வழிவந்த நாயக்கர். கண்டி அரசனும் தெலுங்கு வழிவந்த நாயக்கன். ஒருவரைத் தமிழ்த் திரை தமிழ் வீரனாக்கிற்று. மற்றவனைச் சிங்கள மேடையும் திரையும் கொடிய 'தெமள' அரசனாக்கின. அக்கரைச் சீமையில் நமக்குப் பெருமை தந்த அதே குலம், இக்கரையில் நம் பிள்ளைகளுக்கு வசையாகிவிட்டது.

கதையின் மையத்தில் நிற்பவர் எகலப்பொல. அவர் நம் சப்ரகமுவவின் திசாவை. 1814இல் இங்கிருந்தே அரசனுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தார். மொல்லிகொடவின் படை வந்ததும் ஆங்கிலேயரின் எல்லைக்குள் தப்பிச் சென்றார். கண்டியில் இருந்த அவருடைய மனைவி மக்களுக்கு மே மாதத்தில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. பிள்ளைகளின் தலைகளை வெட்டி, உரலிலிட்டு, தாயின் கையாலேயே இடிக்கச் செய்து, பின் அவளைப் போகம்பரை வாவியில் அமிழ்த்தினார்கள் என்பது கதை. அஞ்சிய அண்ணனுக்கு முன்னால் துணிந்து கழுத்தை நீட்டிய மத்தும பண்டார என்ற ஒன்பது வயதுச் சிறுவனை இந்நாட்டில் அறியாத பிள்ளை இல்லை. 1906இல் ஜோன் டி சில்வா இந்த அரசனை நூர்த்தி நாடகமாக மேடையேற்றினார். 2014இல் 'எகலப்பொல குமாரிஹாமி' என்ற பெயரிலேயே ஒரு சிங்களத் திரைப்படம் வந்தது.

அந்தப் படம் தொலைக்காட்சியில் காட்டப்பட்ட மறுநாள் எங்கள் பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம் வந்தாள். பஸ்ஸில் தெரிந்த சிங்களப் பிள்ளைகள் விளையாட்டாகத்தான் கேட்டார்களாம்: "உங்கள் ராஜா ஏன் குழந்தைகளை உரலில் போட்டான்?" அவர்கள் அவளுடைய சிநேகிதிகள். பகையாக ஒன்றும் பேசவில்லை. "நான் என்ன சேர் சொல்றது?" என்றாள். 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளில் இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டங்கள் பட்ட பாட்டை வீட்டில் கேட்டு வளர்ந்தவள். விளையாட்டாகக் கேட்ட கேள்வியும் அவளுக்கு விளையாட்டாக இருக்கவில்லை.

முதலில் நான் அவளுக்குச் சொன்னது ஆண்டுக் கணக்கு. சிறீ விக்கிரம இராஜசிங்கன் 1816 ஜனவரியில் கொழும்பிலிருந்து கப்பலேற்றப்பட்டு வேலூருக்கு அனுப்பப்பட்டான். இங்கே கோப்பித் தோட்டங்கள் 1820களிலேதான் தொடங்கின. அவன் கடலைக் கடந்து அங்கே போன பிறகே நம் முன்னோர் கடலைக் கடந்து இங்கே வந்தார்கள். அவனுடைய பெருமையில் நமக்குப் பங்கில்லை, பழியிலும் இல்லை.

அந்த விடை சரியானதுதான். ஆனால், வீட்டுக்குப் போன பிறகு எனக்கே அது போதாததாகப் பட்டது. 'எங்கள் ஆள் இல்லை' என்று கையைக் கழுவிவிட்டால், அந்த மனிதனைப் பற்றிச் சொல்லப்பட்டவை உண்மையா பொய்யா என்ற கேள்வி அப்படியே நிற்கிறதல்லவா?

உரல் கதையை விரிவாக எழுதி உலகறியச் செய்தவர் ஜோன் டேவி என்ற ஆங்கில இராணுவ வைத்தியர். அவருடைய நூல் 1821இல் வெளிவந்தது. அவர் இலங்கைக்கு வந்தது 1816இல். அதாவது, தண்டனை நடந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பின். அரசன் நாடு கடத்தப்பட்ட பின். அவருக்குக் கதை சொல்லியிருக்கக்கூடியவர்கள் அரசனைக் கைவிட்டு ஆங்கிலேயரோடு சேர்ந்த பிரதானிகளின் வட்டத்தினரே. எகலப்பொலவைப் போற்றி, 'வடிக' அரசனைத் தூற்றும் சிங்களப் போர்ப்பாடல்களும் அக்காலத்திலேயே எழுந்தன. கண்டிக்கு ஒற்றர் வலை விரித்துப் பிரதானிகளோடு இரகசியத் தொடர்பு வைத்திருந்த ஜோன் டொயிலிக்கும், படையெடுக்கக் காரணம் தேடிய ஆளுநர் பிரவுன்றிக்குக்கும் ஒரு கொடுங்கோலன் தேவைப்பட்டான். 1815 மார்ச் 2ஆந் திகதி மகுல் மடுவையில் வாசிக்கப்பட்ட கண்டி ஒப்பந்தமே, 'மலபார்' மன்னனின் கொடுமைகளைச் சொல்லித்தான் தொடங்குகிறது. அரசனின் உறவினரான ஆண்கள் அனுமதியின்றிக் கண்டிப் பிரதேசத்தில் கால் வைத்தால் இராணுவச் சட்டத்தின்படி தண்டனை என்று அதிலேயே ஒரு விதியும் இருக்கிறது. பிற்காலத்து நாடகங்களுக்கும் படங்களுக்கும் முதற் பிரதி அன்றைக்கே தயாராகிவிட்டது எனலாம்.

கணநாத் ஒபயசேகர 2017இல் இந்த அரசனைப் பற்றி ஒரு முழு நூலே எழுதினார். அரசனைக் கொடியவனாகத் தீட்டியதில் ஆங்கிலேயப் பிரசாரத்தின் கை எவ்வளவு என்பதை அதில் அவர் விரிவாக ஆராய்கிறார். உரல் கதையையும் அவர் ஐயத்தோடுதான் பார்க்கிறார். ஒரு சிங்கள அறிஞர் ஒரு நாயக்க மன்னனுக்காக முதிர்ந்த வயதில் இத்தனை பாடுபட்டிருக்கிறார் என்பதை அந்த மாணவியிடம் சொன்னேன். பஸ்ஸிலும் சொல்லச் சொன்னேன்.

இதையெல்லாம் சொல்லும்போது என் கை ஒருபக்கமாகச் சாயக்கூடாது என்பதிலும் எனக்குக் கவனம் உண்டு. அந்தத் தாயும் பிள்ளைகளும் கொல்லப்பட்டார்கள். உரல் இருந்ததோ இல்லையோ, பிள்ளைகள் கொல்லப்பட்டார்கள். அது அரசனின் ஆணை. 'நம்ம ராஜா' என்று ஒரு தமிழ்ப் படம் எடுத்து அதை மறைத்தால், அதுவும் எட்டப்பன் படத்தைப் போன்றதே. அரசன்கூட அதை மறைத்ததாகத் தெரியவில்லை. நாடு கடத்தப்படுவதற்கு முன் கொழும்பில் காவலில் இருந்தபோது ஓர் ஆங்கில அதிகாரியிடம் அவன் பேசியதை ஹென்றி மார்ஷல் என்ற மற்றொரு இராணுவ வைத்தியர் குறித்து வைத்திருக்கிறார். ஆங்கிலேய ஆளுநர்களுக்குக் கோபத்தில் எதையும் செய்ய விடாமல் தடுக்கும் ஆலோசகர்கள் பக்கத்தில் இருக்கிறார்கள், எங்களுக்கோ கோபம் தணிவதற்குள் குற்றவாளி இறந்துவிடுகிறான் என்பது அவன் பேச்சின் சாரம். குற்றத்தை ஒப்புக்கொள்வதும் தன்னைத் தானே எடைபோடுவதும் அதில் சேர்ந்தே இருக்கின்றன. எனக்குத் தெரிந்தவரை எந்தத் திரை அரசனும் இப்படி ஒரு வார்த்தை பேசியதில்லை.

எகலப்பொலவின் கதையிலும் நாம் மெல்லக் கடந்துபோகும் ஓர் இடம் உண்டு. திசாவைகள் தூர மாகாணங்களை ஆளும்போது அவர்களுடைய குடும்பங்கள் கண்டியில் இருக்க வேண்டும். அரசனுக்கு அவர்களே பிணை. அது எகலப்பொலவுக்குத் தெரியாததல்ல. தெரிந்துகொண்டே அவர் இரத்தினபுரிப் பக்கத்தில் கிளர்ச்சி செய்தார். அவருக்கு எதிராக வந்த மொல்லிகொடவை எடுத்துக்கொள்ளுங்கள். மறு ஆண்டு அவரும் ஆங்கிலேயரோடு சேர்ந்தவரே. ஆனால், தம் குடும்பம் கண்டியிலிருந்து பாதுகாப்பாக வெளியேறும்வரை காத்திருந்தே சேர்ந்தார். ஒருவர் காத்திருந்தார், ஒருவர் காத்திருக்கவில்லை. குமாரிஹாமியின் துயரத்தில் அரசனுக்கு எவ்வளவு பங்கோ, அதில் ஒரு பங்காவது கணவனுக்கும் இல்லையா? அவளைப் பற்றி எடுக்கப்படும் படம் எதுவானாலும், இந்தக் கேள்வியை அவள் வாயால் கேட்க வைத்தால் நான் முதல் நாளே போய்ப் பார்ப்பேன்.

1815 பெப்ரவரி 18ஆந் திகதி மெதமகாநுவரைப் பக்கத்தில் ஒளிந்திருந்த அரசனைப் பிடித்தவர்கள் எக்னெலிகொடவின் ஆட்கள். எக்னெலிகொட வளவு இங்கேதான், குருவிட்டையில். எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேர் தினமும் பஸ்ஸில் அவ்வழியாகவே வருகிறார்கள். கட்டபொம்மனுக்குத் தொண்டைமான் எப்படியோ, கண்டி அரசனுக்கு எக்னெலிகொட அப்படி. அரசனைக் காட்டுக் கொடியால் கட்டி இழுத்து வந்தார்கள். அவனைக் கொடியவனாகக் காட்டும் கதையில் இது நியாயமாகிவிடுகிறது. அவனை நல்லவனாகக் காட்டினால் இதே செயல் துரோகமாகிவிடும். செய்தவர்கள் ஒரே ஆட்கள்தாம்.

எகலப்பொல எதிர்பார்த்த மகுடமும் அவருக்குக் கிடைக்கவில்லை. 1818ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது சந்தேகத்தின் பேரில் பிடிக்கப்பட்டு, 1825இல் மொரிசியசுக்கு நாடு கடத்தப்பட்டு, 1829இல் அங்கேயே இறந்தார். அரசன் 1832 ஜனவரி 30ஆந் திகதி வேலூரில் இறந்தான். அவன் சமாதியின்மேல் தமிழ்நாட்டு அரசு 1990இல் முத்து மண்டபம் கட்டியது. ஒருவரையொருவர் அழித்துக்கொண்ட இருவரும் ஒரே ஆங்கில ஆட்சியின் கீழ் வேறு வேறு இடங்களில் முடிந்துபோனார்கள். இங்கிருந்து அவர்களைப் பார்த்தால் யார் வில்லன், யார் நாயகன் என்று எனக்குச் சொல்ல வரவில்லை.

அரசனைப் பற்றி இன்னொன்று. கண்டி வாவியை 1807இல் வெட்டத் தொடங்கியவன் அவன். தலதா மாளிகையின் எண்கோண மண்டபமும் அவன் காலத்தது. நம் பாடசாலைகளில் ஏற்றும் தேசியக் கொடியில் வாளேந்தி நிற்கும் சிங்கம் அவனுடைய கொடிச் சிங்கம். 1948 ஜனவரியில் அதைத் தேசியக் கொடியாக ஏற்கவேண்டுமென்று பாராளுமன்றத்தில் பிரேரித்தவர் மட்டக்களப்பின் ஏ. சின்னலெப்பை. சரித்திரம் இப்படித்தான் பின்னிக் கிடக்கிறது. வேடம் போட்டுப் பிரிக்க முடியாது.

இது நம் நாட்டுக்கு மாத்திரமுள்ள வியாதியும் அல்ல. மூன்றாம் றிச்சர்ட் என்ற ஆங்கில அரசனைக் கூன்முதுகோடும் சூம்பிய கையோடும் உலகத்துக்குக் காட்டியவர் ஷேக்ஸ்பியர். அவர் எழுதியது அந்த அரசனைக் கொன்று ஆட்சியைப் பிடித்த வம்சத்தின் காலத்தில். 2012இல் லெஸ்டர் நகரில் ஒரு வாகனத் தரிப்பிடத்தின் கீழ் அவனுடைய எலும்புக்கூடு கிடைத்தது. முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருந்தது, கூன் இல்லை. கையும் சூம்பவில்லை. நானூறு ஆண்டுகளாக நடிகர்கள் நொண்டி நொண்டி நடந்தது வீண். எட்டப்பருக்கும் கண்ணுச்சாமிக்கும் எலும்புக்கூடு கிடைத்தாலும் அது பேசாது. ஏடுகள்தாம் பேச வேண்டும். அவற்றை நாம்தான் எடுத்துப் படிக்க வேண்டும்.

கலைஞனுக்குச் சுதந்திரம் வேண்டாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டும். இல்லாத பாத்திரங்களை உண்டாக்கட்டும், நடக்காத காதலைப் பாடட்டும்; யாருக்கும் நட்டமில்லை. ஆனால், பெயரோடும் ஊரோடும் வாழ்ந்த ஒருவரை எடுத்து இழிவின் சின்னமாக்கும்போது, அதன் செலவைத் தயாரிப்பாளர் கொடுப்பதில்லை. ஒரு பால் வெட்டுகிறவரின் மகன் கொடுக்கிறான்.

நாடகக் கதைக்கு வருகிறேன். அந்தப் பையனுக்கு எட்டப்பன் வேடத்தையே கொடுத்தேன். ஆனால், அவனுக்காகப் புதிய காட்சியொன்று எழுதினேன். எட்டப்பர் தம் அரண்மனையில் தனியாக நிற்கிறார். எல்லையில் எரிந்த வயல்கள், கும்பினியின் கடிதம், பக்கத்துப் பாளையங்கள் ஒவ்வொன்றாக அடங்கிய செய்தி. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "நான் எழுதுவது நியாயம் என்று சொல்லமாட்டேன்" என்று முடித்து ஓலையை எடுக்கிறார். கட்டபொம்மன் மனு எழுதும் காட்சியும் சேர்த்தேன். ஒரே மேசை, ஒரே விளக்கு, ஒரே எழுத்தாணி. முதலில் ஒருவர், பின்னர் மற்றவர்.

பையன் நன்றாகவே செய்தான். பார்க்க வந்த தோட்டத்துச் சனம் அந்தக் காட்சியில் சத்தமில்லாமல் இருந்தது. பின்வரிசையில் அந்தப் பழைய தொழிலாளியும் நின்றுகொண்டிருந்தார். காட்சி முடிந்ததும் வெற்றிலை போட வெளியே போனவர் திரும்பி வரவில்லை. பிடித்ததா பிடிக்கவில்லையா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

எங்களுக்கு மூன்றாம் இடம். நடுவர்களில் ஒருவர் குறிப்பேட்டில், "நடிப்பு நன்று, கதை வரலாற்றுக்கு முரணானது, ஜாக்சன் துரை வசனத்தை முழுமையாகச் சேர்த்திருக்கலாம்" என்று எழுதியிருந்தார். நான் அதைப் படித்துக் காட்டியபோது பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அடுத்த போட்டிக்குக் கண்டி அரசனை எடுக்கலாம் என்று முடிவாகியிருக்கிறது. சிங்களப் பாடசாலை ஒன்றிலிருந்தும் இரண்டு பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று அந்த மாணவியின் தங்கை கேட்டிருக்கிறாள். கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். இராஜசிங்கன் வேடத்துக்கு இப்போதே மூன்று பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். எகலப்பொலவுக்குத்தான் இன்னும் ஆள் கிடைக்கவில்லை.